ஓடாத கணினிக்குக் காவல்

அன்புள்ள மைத்துனருக்கு அத்தான் எழுதுவது.

இங்கே நானும் உன் அக்காவும் நலம். அக்காவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முறைக்கிறது. என் ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காக நடந்துகொள்கிறது. நம் வீட்டுக் கணினி ஒன்றுதான் நலமில்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். உன் நலத்தைப் போனில் விசாரிக்கலாம் என்றால், "நல்லா இருக்கேன் அத்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்கும் வேகம் இந்த வயதில் எனக்கில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அப்படியே இருக்கும், திரும்ப எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும் என்பதால் இப்படி எழுதுகிறேன்.

"அக்காவை ஒரு தடவை பாக்கணும் போல இருக்கு" என்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். இப்போதைக்கு நாங்கள் வர முடியாத நிலையில் இருக்கிறோம். காரணத்தை முழுதாகச் சொன்னால் நீயே ஒப்புக்கொள்வாய், ஏனென்றால் நீ தொழில் தெரிந்தவன். உன் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குத் தொழில் தெரியாது என்று நான் சொல்லப்போக, வீட்டில் இப்போது பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவு.

நீ கடையை மூடிவிட்டாய் என்று அக்கா சொன்ன அன்று அது என் காதில் ஏறவே இல்லை. ரேடியோ, டிவி, பிறகு கணினி என்று ஊமையாகிப்போன பெட்டிகளை எல்லாம் பேச வைத்த கை உன்னுடையது. கடுகு அளவுள்ள பாகத்தை இடுக்கியில் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீ பற்றவைக்கும்போது எதிரில் நிற்கிற நாங்களும் மூச்சு விட மாட்டோம். அந்தக் கைக்கு நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. இந்தச் சமயத்தில்தான் மகள் போன் செய்தாள். "அப்பா, மாமாவுக்கு வந்திருக்கிற நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க எல்லார்கிட்டயும் கம்ப்யூட்டரை இரவல் கேக்கறாங்க. உடம்புல இருக்கிற புரதம் எப்படி மடியுது, எங்க தப்பா மடியுதுன்னு கணக்குப் போடணுமாம். அது மலை மாதிரி கணக்கு. அவங்க மெஷின் பத்தலை. அதனால உலகம் பூரா வீட்ல சும்மா கெடக்கிற கம்ப்யூட்டரெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கணக்கை வாங்கிப் போட்டு அனுப்புது. காசு கிடையாது. முடிச்ச கணக்குக்குப் புள்ளி மட்டும் தருவாங்க" என்றாள். எனக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. "இப்பவே சேத்துவிடு" என்றேன். அவள் தன் ஊரிலிருந்தபடியே நம் வீட்டுத் திரைக்குள் புகுந்து, அம்புக்குறியை அங்கும் இங்கும் ஓட்டி, என்னென்னவோ செய்து முடித்து, விளக்கமும் சொன்னாள். அவள் விளக்கம் சொல்லும்போது நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்வது உனக்குத் தெரியும்.

என் வேலை முறையும் உனக்குத் தெரியும். நீரேற்று நிலையத்தில் பம்ப் இயக்குநராகச் சேர்ந்த அன்று தலைமை இயக்குநர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு விதி: ஓடுகிற மெஷினை விட்டு நகரக் கூடாது. மாற்று ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். அப்படித்தான் பணி ஓய்வு வரை இருந்தேன். ஊருக்கே தண்ணீர் ஏற்றியவன், ஆராய்ச்சிக்குக் கணக்கு ஏற்ற மாட்டேனா என்று, கணினி இருக்கும் முன்னறையை ஒழுங்கு செய்தேன். கை வைத்த நாற்காலி ஒன்று எனக்கு; கை இல்லாத நாற்காலி ஒன்று, மாற்று ஆளான உன் அக்காவுக்கு. காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, சுவிட்சைப் போட்டு உட்கார்ந்தால், இரவு முறைப்படி அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பம்பாக இருந்தால் நிமிடத்துக்கொரு தடவை பேரிங்கில் கை வைத்துச் சூடு பார்ப்போம். இதில் பேரிங் இல்லை என்பதால் மவுஸில் கை வைத்தேன். ஒரு அசை அசைத்தால் திரை விழித்துக்கொள்ளும். நிலைமை என்ன என்று பார்ப்பேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு அசை. வேலையில் நான் கையை எடுத்ததே கிடையாது.

நிலைமை என்னவென்றால், எப்போது பார்த்தாலும் அதில் "இடைநிறுத்தம்" என்று இருந்தது. அதற்குக் கீழே, புள்ளிகள் சுழியம். காலையில் பார்த்தேன், இடைநிறுத்தம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், இடைநிறுத்தம். நான் சாப்பிடும் நேரத்தில் காவல் இருந்த உன் அக்காவைக் கேட்டேன். அவள் வார இதழ் படித்துக்கொண்டே கரண்டிக் காம்பால் மவுஸைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நீங்க சொன்னபடிதான் தொட்டுக்கிட்டே இருக்கேன். அது நிறுத்தம், நிறுத்தம்னுதான் சொல்லுது" என்றாள். மகளிடம் இதைச் சொல்லவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் "நல்லா ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டேன். மேலிடம் கேட்டால் அப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பழுதை நாமே கண்டுபிடித்து, நாமே சரிசெய்து, அதன் பிறகுதான் மேலே தெரிய வேண்டும்.

பழுது எங்கே என்று யோசித்தேன். தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் காரணம் மூன்றுதான். கிணற்றில் தண்ணீர் இல்லை, மோட்டாருக்குத் திராணி இல்லை, அல்லது குழாய் ஒழுகுகிறது. குழாய் என்றால் இன்டர்நெட். அது ஒழுகினால் வீடியோ அழைப்பில் மகளின் முகம் தெரியாது, தெரிகிறது. ஆகவே கிணறு. கணினியில் கிணறு எது என்று கடைத்தெருவில் கணினிப் பாகம் விற்கும் அம்மாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரேம்னு வெச்சுக்குங்க சார்" என்றார். ரேமை இரண்டு மடங்காக்கினேன். இடைநிறுத்தம். மோட்டாருக்குத் திராணி இல்லை என்று முடிவு செய்து, பிராசசருக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டேன். "குதிரை இல்ல சார், கோர். உங்களுதுல நாலு இருக்கு, இதுல பதினாறு இருக்கு" என்றார். நாலு பேர் செய்ய முடியாத வேலையைப் பதினாறு பேர் செய்வார்கள் என்று எனக்கும் பட்டது. இத்தனைக்கும் நான் அரசு வேலையில் இருந்தவன். வாங்கி வந்து பார்த்தால், புதிய பிராசசரின் கால்கள் பழைய மதர்போர்டின் ஓட்டைகளில் இறங்கவில்லை. மதர்போர்டை மாற்றினேன். மதர்போர்டை மாற்றியதும் பழைய ரேமும் புதிதாக வாங்கிய ரேமும் சேர்ந்து வேலை இழந்தன. எல்லாவற்றையும் மாற்றிய பிறகு சுவிட்சைப் போட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, மவுஸில் கை வைத்தேன். முன்பைவிட வேகமாக வந்தது, இடைநிறுத்தம்.

இந்த மாதிரிக் கணக்குக்குப் பிராசசரைவிட கிராஃபிக்ஸ் கார்டுதான் தோது என்று கடைக்காரம்மா சொன்னார். பிராசசர் என்பது பதினாறு தேர்ந்த குமாஸ்தாக்கள், கிராஃபிக்ஸ் கார்டு என்பது பெருக்கல் மட்டுமே தெரிந்த ஆயிரக்கணக்கான ஆட்கள், புரதம் மடிவது போன்ற கணக்குக்கு இரண்டாவது கூட்டம்தான் வேண்டும் என்பது அவர் விளக்கம். நல்ல விளக்கம். ஆனால் கார்டு உள்ளே போகுமா என்று பார்க்க நான் கேபினட்டை வெளிப்பக்கம் அளந்து கொண்டுபோயிருந்தேன். உள்ளே வைத்தால் கார்டு, ஹார்ட் டிஸ்க் இருக்கும் கூட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கூட்டை அறுத்தேன். அறுத்த துண்டைக் காணோம் என்று தேடினால் விசிறிக்குள் கிடந்தது. அதோடு பவர் சப்ளை போதவில்லை என்று அதையும் பெரிதாக்க வேண்டியதாகிவிட்டது. விசிறி நாலைந்து மாட்டினேன். அத்தனையும் உள்பக்கமே ஊதின. காற்று உள்ளே போய் வெளியே வர வழி தெரியாமல் பெட்டி பொருமிக்கொண்டிருந்தது. மெல்லிய காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு விசிறியின் முன்னும் பிடித்து, எது இழுக்கிறது எது தள்ளுகிறது என்று பார்த்துப் பாதியைத் திருப்பினேன். மேசைக் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்து அஸ்திவாரமும் போட்டாயிற்று. நீ இருந்திருந்தால் இதில் பாதித் தவறு நடந்திருக்காது. மீதிப் பாதியை நீ ரசித்திருப்பாய்.

இவ்வளவுக்குப் பிறகும் கிராஃபிக்ஸ் கார்டின் விசிறிகள் சுற்றவே இல்லை. பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரம்மா சற்றும் கோபப்படவில்லை. "சூடானாத்தான் சார் அந்த விசிறி சுத்தும்" என்றார். ஏன் சூடாகவில்லை என்றேன். "வேலை செஞ்சாத்தானே சூடாகும்." ஏன் வேலை செய்யவில்லை என்றேன். "அது எனக்கெப்படித் தெரியும், மாட்டிப் பாப்போம்" என்று அங்கேயே மாட்டி, நம் ஆராய்ச்சிக் கணக்கை வரவழைத்தார். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டு, கடையின் அந்தக் கோடியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பவர் சப்ளையைப் பற்றி நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று பெட்டி உறுமத் தொடங்கியது. விசிறிகள் சுற்றின. பக்கத்தில் போனால் அனல் அடித்தது. "பாத்தீங்களா, குதிரை மாதிரி ஓடுது" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மவுஸில் கை வைத்துப் பார்த்தேன். இடைநிறுத்தம். கடைக்குப் போன் போட்டேன். "எங்ககிட்ட ஒழுங்காத்தான் இருந்துச்சு. வீட்ல நீங்க என்ன பண்றீங்களோ" என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பற்றி வாத்தியார் சொல்வதைப் போல இருந்தது.

கடையில் ஓடுவது வீட்டில் ஓடவில்லை என்றால் குற்றம் வீட்டு மின்சாரத்தில் என்று, எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு பிளக்காக மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, "வயரிங் எல்லாம் சுத்தமா இருக்கு சார். நீங்கதான் கொஞ்சம் எழுந்து நடக்கணும் போல. கால் வீங்கியிருக்கு பாருங்க" என்றார். அவர் படித்த படிப்புக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும் என்று விட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய செய்தி இந்த நேரத்தில்தான் வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, போனை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "எப்ப கிளம்பறோம்?" என்றாள். ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது என்றேன். "அது எங்க ஓடுது? நின்னுக்கிட்டிருக்கிற மெஷினுக்கு எதுக்குக் காவல்?" என்றாள். கேள்வியில் நியாயம் இருந்ததால் நான் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியதாயிற்று. இதெல்லாம் யாருக்காக, உன் தம்பிக்காகத்தானே, இந்தப் புரதக் கணக்கு முடிந்தால் அவன் கைக்கு மருந்து கிடைக்கும் அல்லவா என்றேன். அவள் போனை மேசையில் வைத்தாள். அப்புறம் சத்தம் போடாமல்தான் சொன்னாள்: "அவன் மெஷினையா கேட்டான்? அக்காவைக் கேட்டான். ஏங்க, மெஷின் பக்கத்துல நாள் பூரா உக்காரத் தெரியுது. என் தம்பி பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரத் தெரியாதா உங்களுக்கு?" அதன் பிறகு என் தட்டில் எல்லாம் சரியாக விழுகிறது, பேச்சு மட்டும் விழுவதில்லை.

உனக்கு எழுதுவதால் ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் கேட்டது சரிதான், எனக்குத் தெரியவில்லை. அங்கே வந்தால் நான் என்ன செய்வது? எதிரில் உட்கார்ந்து உன் கையைப் பார்க்க வேண்டும். பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்க்க வேண்டும். நீ தேநீர்க் கோப்பையை எடுக்கும்போது உதவட்டுமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கேட்காவிட்டால் எனக்கு மனசு தாங்காது. எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை. இங்கே உட்கார்ந்து உனக்காக ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கும்போது அந்தப் பயம் கொஞ்சம் அடங்குகிறது. அந்தப் புள்ளி சுழியத்தை விட்டு ஒன்றாகிவிட்டால்கூடப் போதும், அந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்பேன். அதுவரை இங்கே நகர மனம் வரவில்லை. இதை அக்காவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இனி உன்னிடம் கேட்க வந்த சந்தேகத்துக்கு வருகிறேன். கணினியைப் பெரிதாக்க மூன்று வழிகள் என் முன்னால் இருக்கின்றன. முதல் வழி, ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துக்கட்டிய சர்வர் கணினி ஒன்று கடைக்காரம்மாவிடம் வந்திருக்கிறது. தட்டையாக, குழந்தைக் கட்டில் நீளத்துக்கு இருக்கிறது. பிராசசர் இரண்டு, ரேம் தாராளம், தவறு நேர்ந்தால் தானே திருத்திக்கொள்ளும் வகை ரேமாம். கணக்கில் ஒரு எண் பிசகினாலும் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்பதால் அந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சுவிட்சைப் போட்டால் விமானம் ஏறுகிற மாதிரி சத்தம். அக்கா இப்போது பேசாமல் இருப்பதால் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டாவது வழி, இதைவிடப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. கனம் தாங்காமல் அது தொங்கிப்போகும், அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். தானே நிற்க முடியாத ஒன்று கணக்கை எப்படித் தாங்கும் என்பது என் சந்தேகம். மூன்றாவது, ஒரே சர்க்யூட் பலகையில் அடங்கிவிடும் உள்ளங்கை அளவுக் கணினிகளைக் கூடை நிறைய வாங்கி ஒன்றோடொன்று கோப்பது. மின்சாரம் கொஞ்சம்தான் குடிக்கும், சூடும் இராது, ஒன்று போனாலும் மற்றது ஓடும். ஒரு பெரிய பம்ப் நல்லதா, பல சின்னப் பம்ப் நல்லதா என்ற பழைய வழக்குத்தான் இது. எங்கள் நிலையத்தில் அந்த வழக்கு நான் ஓய்வு பெறும் வரை தீரவில்லை.

இதில் உன் தீர்ப்புத்தான் எனக்கு வேண்டும். கடைக்காரம்மா கெட்டிக்காரர்தான், ஆனால் விற்பவர். நீ பழுது பார்ப்பவன். எது எத்தனை நாள் தாங்கும் என்று உனக்குத்தான் தெரியும். எழுதச் சிரமமாக இருந்தால் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பு போதும்: சர்வர், கார்டு, கூடை. எழுத்து கோணலாக வருமே என்று பார்க்காதே. நீ நன்றாக இருந்த காலத்திலேயே உன் எழுத்தை மருந்துக் கடைக்காரர் ஒருவரால்தான் படிக்க முடிந்தது. நீ கடையில் எழுதித் தந்த ரசீது ஒன்றில் பழுதான பாகத்தின் பெயரை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. தனியாக இருக்கிறோம் என்று ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே. மாத்திரையை மணி பார்த்துப் போடு. மெஷினானாலும் மனிதனானாலும் நேரத்துக்கு எண்ணெய் போட்டால்தான் ஓட்டம். டாக்டர் நடக்கச் சொன்னால் நட. கடவுள் உன்னைக் கைவிட மாட்டார், நானும் விடமாட்டேன். இரண்டு பேரில் யாராவது ஒருவர் உரிய நேரத்தில் வந்து சேர்வோம். கணினி ஒரு நிலைக்கு வந்த மறுகணம் நாங்கள் கிளம்பி வருவோம். அதுவரை அக்கா சார்பிலும் அன்பைச் சொல்லிவிடுகிறேன். அவளைக் கேட்டு எழுதலாம் என்றால், பேச்சு இல்லை.

இப்படிக்கு,
உன் நலத்தை எந்நேரமும் நாடும்,
அத்தான்

பி.கு.: மேலே எழுதியதில் கணினி சம்பந்தப்பட்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம். வர முடியாது என்று எழுதியதையும் அடித்துவிடு. கடிதத்தை முடித்துவிட்டு, அக்காவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, உறையும் தபால்தலையும் வாங்கத் தபால் நிலையத்துக்குப் போனேன். வரிசை வாசல் வரை நின்றது. முன்னால் இருந்தவர் ஒரு பொட்டலத்தை எடை போட்டுப் பார்த்து, கனம் கூடுகிறது என்று அதிலிருந்து ஒரு செருப்பை வெளியே எடுத்து, மறுபடி எடை போட்டு, ஒற்றைச் செருப்பு எதற்கு என்று அதைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் வெறுமனே சுற்றும்போது ஒரு குரல், தண்ணீர் ஏறியதும் வேறு குரல். தூக்கத்தில் கேட்டாலும் எனக்கு வித்தியாசம் தெரியும். அது பாரம் ஏறிய மெஷினின் குரல். வீங்கிய காலைப் பார்க்காமல் ஓடிப்போய் மவுஸை அசைத்தேன். சத்தம் அடங்கிவிட்டது. திரையில் இடைநிறுத்தம். ஆனால் புள்ளிகள் என்ற இடத்தில் சுழியம் இல்லை. நாற்காலியில் உன் அக்காவும் இல்லை.

அவள் படுக்கையறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மவுஸை எத்தனை தடவை தொட்டாய் என்று கேட்டேன். "ஒரு தடவையும் தொடலை. நீங்க படியிறங்கினதும் எழுந்து வந்துட்டேன். நீங்க வந்தாலும் வராட்டியும் நான் என் தம்பியைப் பாக்கப் போறேன்" என்றாள். நான் முன்னறைக்குப் போனேன், மவுஸைத் தொட்டேன், அமைதி. வெளியே வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். சற்றுப் பொறுத்து உறுமல். மறுபடி போய்த் தொட்டேன், அமைதி. அக்கா மடித்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மகளுக்குப் போன் போடுங்க" என்றாள். போட்டேன். "ஆமாப்பா, யாரும் தொடாம இருக்கும்போது மட்டும் கணக்குப் போடுன்னு நான்தான் வெச்சேன். நீங்க அதுல பில் கட்டற நேரத்துல கம்ப்யூட்டர் மெதுவாகக் கூடாதேன்னு. முதல் நாளே சொன்னேனே, சரிம்மா சரிம்மான்னீங்களே" என்றாள். பழைய நாலு கோர் பிராசசரே இதற்குப் போதுமானது என்றும் சொன்னாள். யாரும் தொடாவிட்டால் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டேன். "எவ்வளவு நேரம் வேணாலும் ஓடும். நீங்க வீட்லயே இல்லைன்னா இன்னும் நல்லது" என்றாள். ஆக, உனக்காக நானும் உன் அக்காவும் செய்யக்கூடிய தொண்டு இந்த வீட்டில் இல்லாமல் இருப்பதுதான் என்று தெரிந்துவிட்டது. எங்கே இருப்பது என்பதை அக்கா ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

இதை ரயிலில் எழுதுகிறேன். எழுத்து எப்படி ஆடுகிறது பார். உன்னுடையதற்கு இப்போது போட்டி வந்தாயிற்று. ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டியது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. பூட்டிய பிறகு கதவில் காதை வைத்து நின்றேன். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இப்போது பேசுகிறாள், நிறையவே. கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கையில் கொடுத்தாலும் சரிப்படாது, நான் பயப்படுகிறேன் என்று எழுதிய இடத்தை நீ படிக்கும்போது எதிரில் நிற்க எனக்குக் கூச்சம். அதனால் உன் வீட்டுக்கு வந்ததும் மணி அடிக்காமல் இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடப்போகிறேன். முழுதும் படி. படித்து முடித்ததும் நிதானமாக வந்து தாழ்ப்பாளைத் திற. கை ஒத்துழைக்காவிட்டால் மறுபடி முயற்சி செய், அவசரமே இல்லை. நானும் உன் அக்காவும் வாசலில்தான் நிற்கிறோம்.